விதித்தார்களா, பேசினார்களா? நிபந்தனை போடும் வினைச்சொற்கள்

"பதினெட்டு கிலோ எடுத்தா ஒரு பேரு."

"பதினெட்டு கிலோ எடுத்தாத்தான் ஒரு பேரு."

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில், இவ்விரண்டில் எது சொல்லப்பட்டது என்பதை ஒரு கொழுந்தெடுக்கும் பெண் தெளிவாகக் கேட்டுக்கொள்வாள். மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை செய்ததற்காகச் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் விழும் பதிவு. அது விழுந்தால் ஒரு நாள் சம்பளம். பாதி விழுந்தால் அரைப்பேர். முதல் வாக்கியம் பதினெட்டு கிலோ எடுத்தவளுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்கிறது. பதினேழு கிலோ எடுத்தவளைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. இரண்டாவது வாக்கியம் அவளுக்குக் கதவைச் சாத்திவிடுகிறது. இவ்வளவையும் செய்வது 'தான்' என்ற ஒற்றை இடைச்சொல்.

எழுத்துத் தமிழுக்கு வரும்போது இந்த வேலையை வினைச்சொற்களிடம் கொடுத்துவிடுகிறோம். நிபந்தனை விதித்தல், வரையறுத்தல், நிர்ணயித்தல், குறித்துரைத்தல், விதித்துரைத்தல், வலியுறுத்தல். ஆங்கிலத்தில் 'ஸ்டிபியுலேட்' என்ற ஒரே வினை இவற்றில் பெரும்பாலானவற்றின் இடத்தை நிரப்பும். ஒப்பந்தம் ஸ்டிபியுலேட் பண்ணும், சட்டம் பண்ணும், வீட்டுக்காரரும் பண்ணுவார். அகராதியைப் பார்த்து அதற்கு நேராக 'நிபந்தனை விதி' என்று எழுதிவிடுகிறவர்கள் பலர். பாதி இடங்களில் அது பிழையாகத்தான் முடிகிறது. தமிழ் வினை ஒவ்வொன்றும் நிபந்தனையை யார் போட்டார், யார் தலையில் போட்டார், மற்றவர் அதற்குச் சம்மதித்தாரா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். தொழிற்சங்கக் கடிதம் எழுதுபவரும், பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் நிரப்புபவரும், மொழிபெயர்ப்பாளரும் கவனிக்க வேண்டிய இடம் இது.

அந்த ஆங்கிலச் சொல்லின் வேரே சுவாரசியமானது. பண்டைய உரோமச் சட்டத்தில் 'ஸ்டிபுலாட்டியோ' என்றொரு ஒப்பந்த முறை இருந்தது. எழுத்து தேவையில்லை. ஒருவர் கேட்பார்: "தருவதாக வாக்களிக்கிறாயா?" மற்றவர் அதே வினையைக் கொண்டே பதில் சொல்வார்: "வாக்களிக்கிறேன்." கேள்வியும் பதிலும் பொருந்தினால் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். ஆக, மூலத்தில் அது இருவர் வாயாலும் பிறந்த நிபந்தனை. இதற்குத் தமிழில் மிக நெருங்கிய சொல் எந்தச் சட்ட அகராதியிலும் தேட வேண்டியதில்லை, வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. 'பேசு' என்பதுதான் அது.

சம்பளம் பேசினோம், வாடகை பேசினோம், சீதனம் பேசினார்கள், "பேசின காசு இதில்லையே". இங்கெல்லாம் 'பேசு' என்பதற்கு உரையாடுதல் என்று பொருளில்லை. இரு தரப்பும் ஒரு தொகைக்கோ கட்டுப்பாட்டுக்கோ இணங்கி முடித்தார்கள் என்று பொருள். கொந்தரப்பு வேலைக்கு, அதாவது இன்ன வேலைக்கு இவ்வளவு என்று மொத்தமாக எடுத்துச் செய்யும் வேலைக்கு, இன்றும் தோட்டத்தில் 'பேசித்தான்' இறங்குவார்கள். எழுதும்போது மட்டும் இந்தச் சொல்லைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டு, "மேசனால் நாளொன்றுக்கு இவ்வளவு ரூபா நிபந்தனை விதிக்கப்பட்டது" என்று எழுதுகிறோம். மேசன் ஒன்றையும் விதிக்கவில்லை. அவர் கேட்டார், வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். எழுத்து நடையில் வேண்டுமானால் "நாளொன்றுக்கு இவ்வளவு ரூபா என உடன்பட்டனர்" என்று எழுதலாம். உடன்படுதல், இணங்குதல், ஒப்புக்கொள்ளுதல் மூன்றும் இந்தப் பக்கத்துச் சொற்கள். மூன்றிலும் 'இணங்கு' கொஞ்சம் தயக்கத்தோடு வரும். ஒருவர் கடைசியில் இறங்கி வந்தார் என்ற வாசனை அதில் உண்டு.

மேலிருந்து விழும் சொல்

'விதி' மேலிருந்து கீழே விழும் வினை. அது சேரும் பெயர்ச்சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் குணம் தெரியும்: வரி விதித்தல், தடை விதித்தல், தண்டனை விதித்தல், நிபந்தனை விதித்தல், கால எல்லை விதித்தல். எல்லாமே சுமை. சலுகையையோ விடுமுறையையோ போனஸையோ யாரும் விதிப்பதில்லை, அவற்றை வழங்குவார்கள். ஊரடங்கு கூட விதிக்கப்படுவதைவிடப் 'பிறப்பிக்கப்படுவதே' நம் செய்திகளில் அதிகம், அது கட்டளையாகக் கருதப்படுவதால்.

ஆகவே 'விதி' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் மூன்று விடயங்களைச் சொல்லிவிட்டீர்கள்: விதித்தவருக்கு அதிகாரம் இருந்தது, ஏற்பவருக்குச் சுமை வந்தது, ஏற்பவரின் சம்மதம் கேட்கப்படவில்லை. இவற்றில் ஒன்று பொய்யானாலும் வேறு வினையைத் தேட வேண்டும். "தொழிற்சங்கம் நிர்வாகத்துக்கு நிபந்தனை விதித்தது" என்று தலைப்புப் போடுவது வாசிக்க வீறாப்பாக இருக்கும். சங்கம் கேட்டது, அவ்வளவுதான். வேலைநிறுத்தத்தைக் கைவிடுவதற்கு அது முன்வைத்தது என்றால் "நிபந்தனை முன்வைத்தது" என்பது சரி. முன்வைத்ததை மறுபக்கம் ஏற்கலாம், தள்ளலாம்.

'நிபந்தனை' என்ற பெயர்ச்சொல்லின் அடியிலும் ஒரு கட்டு இருக்கிறது. வடமொழியில் அது பிணைத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வருகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு இன்ன செலவுக்கென்று ஒதுக்கி வைத்த அறக்கட்டளை 'நிவந்தம்' எனப்படும். விளக்குக்கு என்று எழுதி வைத்த நிலத்தின் வருவாயை வேறு எதற்கும் எடுக்க முடியாது. தமிழ்ச் சொல்லான 'கட்டுப்பாடு' அதே உருவகத்தில் நிற்கிறது. ஆனால் வழக்கில் இரண்டும் பிரிந்துவிட்டன: நிபந்தனை ஒரு பலனோடு ஒட்டியது (இதைச் செய்தால் அது கிடைக்கும்), கட்டுப்பாடு தனியாக நிற்பது (இதைச் செய்யாதே). "இறக்குமதிக் கட்டுப்பாடு" என்போம், "பிணை நிபந்தனை" என்போம். மாற்றிப் போட்டால் காது உடனே உறுத்தும்.

நிர்ணயிப்பதும் வரையறுப்பதும்

'நிர்ணயி' ஒரு தொகையை அல்லது அளவைத் தேடும். சம்பளம், விலை, கட்டணம், எடை. அதைச் செய்பவர் இரு தரப்புக்கும் வெளியே அல்லது மேலே இருப்பார் என்ற எண்ணம் சொல்லிலேயே ஒட்டியிருக்கிறது. 'வரையறு' என்பது கோடு கீறி வெட்டுவது. எதுவரை உள்ளே, எதிலிருந்து வெளியே என்று சொல்வது. கடமைகளை வரையறுக்கலாம், அதிகாரத்தை வரையறுக்கலாம், ஒரு சொல்லின் பொருளை வரையறுக்கலாம். தொகையை வரையறுத்தால் அதற்கு உச்சவரம்பு போட்டதாகவே வாசகர் எடுத்துக்கொள்வார். "சம்பளம் 1,000 ரூபாவாக வரையறுக்கப்பட்டது" என்றால் அதற்கு மேல் கொடுக்கக் கூடாது போலத் தொனிக்கும். "நிர்ணயிக்கப்பட்டது" என்றால் அதுதான் தொகை. குறைந்தபட்சச் சம்பளம் பற்றிய செய்தியில் இந்தக் குழப்பம் சின்ன விடயமாக இருக்க முடியாது.

உடன்படல், நிர்ணயித்தல், விதித்தல் மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக எப்படி வந்தன என்பதற்குத் தோட்டச் சம்பளத்தின் அண்மை வரலாற்றைவிட நல்ல பாடம் இல்லை. பெருந்தோட்டக் கம்பனிகள் தனியார் கைக்குப் போன பின், பல ஆண்டுகளாகச் சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தால் தீர்மானமானது. ஒரு பக்கம் முதலாளிமார் சம்மேளனம், மறுபக்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் உள்ளிட்ட தொழிற்சங்கங்கள். 2013இல் அடிப்படைச் சம்பளம் 450 ரூபா, 2016இல் 500, 2019இல் 700. இவை 'உடன்பட்ட' தொகைகள். தொழிலாளிக்குப் பிடித்ததா என்பது வேறு கேள்வி. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின்படி, அத்தகைய ஒப்பந்தத்தின் நியதிகள் அதனால் கட்டுப்படும் ஒவ்வொரு தொழிலாளியின் வேலை ஒப்பந்தத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிடும். கையெழுத்துப் போட்டவர் தலைவர், கட்டுப்படுபவர் மலையில் நிற்பவர்.

2021இல் வழி மாறியது. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை, நாட்சம்பளம் 900 ரூபாவும் வரவுசெலவுத் திட்ட நிவாரணப் படி 100 ரூபாவுமாக 1,000 ரூபாவைத் தீர்மானித்தது. மார்ச் மாதம் அது வர்த்தமானியில், அதாவது அரசிதழில், வந்தது. மக்கள் வாயிலும் பத்திரிகையிலும் அந்தச் சபையின் பெயர் சம்பள நிர்ணய சபை. பெயரிலேயே வினை இருக்கிறது: இங்கே தொகை நிர்ணயிக்கப்பட்டது. கம்பனிகள் உடன்பட்டதாக எழுத முடியாது, அவை நீதிமன்றம் போயின. ஆனால் சபை நிர்ணயித்தது நாட்சம்பளத்தை. அந்த நாளுக்கு எத்தனை கிலோ என்பதைப் பேசி முடிக்கும் கூட்டு ஒப்பந்தம் அப்போது நடைமுறையில் இல்லை. கிலோக் கணக்கு, தோட்டத்துப் பேச்சில் 'நோம்', பல தோட்டங்களில் நிர்வாகம் தானாகச் சொல்வதாயிற்று. அதாவது விதிக்கப்பட்டது. "1,000 ரூபா சம்பளமும் 20 கிலோ நோமும் நிர்ணயிக்கப்பட்டுள்ளன" என்று ஒரே வினையில் கட்டி எழுதிவிட்டால், இரண்டும் ஒரே அதிகாரத்திலிருந்து வந்தவை போலத் தோன்றும். முதலாவது வர்த்தமானியில் இருப்பது, இரண்டாவது பெரட்டில் சொன்னது. ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தின் உயிரே அந்த வித்தியாசத்தில் இருக்கலாம்.

குறிப்பிட்டால் போதுமா?

சட்ட மொழியில் இரண்டு சொற்கள் இரட்டைப் பிள்ளைகள் போல வரும்: 'குறித்துரைக்கப்பட்ட', 'விதித்துரைக்கப்பட்ட'. முதலாவது, அந்த ஆவணத்திலேயோ அட்டவணையிலேயோ பெயர் சொல்லிக் காட்டப்பட்டது. இரண்டாவது, அந்தச் சட்டத்தின் கீழ் ஆக்கப்படும் ஒழுங்குவிதிகளால் பின்னர் சொல்லப்படுவது. "விதித்துரைக்கப்பட்ட படிவத்தில் விண்ணப்பித்தல் வேண்டும்" என்று சட்டம் சொன்னால், படிவத்தைச் சட்டத்துக்குள் தேடிப் பயனில்லை. ஒழுங்குவிதி வெளியான வர்த்தமானியில் தேட வேண்டும். "அட்டவணையில் குறித்துரைக்கப்பட்ட கட்டணம்" என்றால் பின்பக்கத்தைப் புரட்டினால் போதும்.

அன்றாடக் கடிதங்களில் 'குறிப்பிடு' இந்த இரண்டின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. அது பலவீனமான வினை. ஒப்பந்தம் ஒன்றைக் 'குறிப்பிடுகிறது' என்றால் அது பற்றிப் பேச்சு எடுத்தது என்பதற்கு மேல் எதுவும் உறுதியாகாது. "குத்தகை உடன்படிக்கையில் கூரைத் திருத்தம் பற்றிக் குறிப்பிடப்பட்டுள்ளது" என்று எழுதினால், யார் திருத்த வேண்டும்? "கூரையைக் குத்தகைக்காரர் தமது செலவில் திருத்துதல் வேண்டும் என உடன்படிக்கையில் ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது" என்றால் கேள்வியே இல்லை.

'ஏற்பாடு' இன்னொரு கண்ணி. கல்யாண ஏற்பாடு, பயண ஏற்பாடு என்று புழங்கும் இந்தச் சொல் இலங்கைச் சட்டத் தமிழில் ஒரு சட்டத்தின் வாசகத்தைக் குறிக்கும்: "இச்சட்டத்தின் ஏற்பாடுகளுக்கு அமைய". சட்டம் ஒன்றை ஏற்பாடு செய்கிறது என்றால் அது ஒரு கடமையையோ உரிமையையோ உருவாக்கியிருக்கிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில், ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத சேவையைப் பூர்த்திசெய்தவர், நாட்சம்பளக்காரராக இருந்தால் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம் பெறுவார். இருபது வருடம் மலையேறியவருக்கு 280 நாள் சம்பளம். இதையே இரு பக்கமிருந்தும் எழுதலாம். தொழில்தருநர் பக்கம்: "பணிக்கொடை செலுத்தும் கடப்பாட்டைச் சட்டம் விதிக்கிறது." தொழிலாளி பக்கம்: "பணிக்கொடைக்கு அவர் உரித்துடையவர், அதற்கு ஐந்தாண்டுச் சேவை நிபந்தனையாகும்." தொழிலாளிக்குப் பணிக்கொடை 'விதிக்கப்பட்டுள்ளது' என்று எழுதிய கடிதம், உரிமையைத் தண்டனை போல ஆக்கிவிடும்.

கேட்பதற்கும் கட்டாயப்படுத்துவதற்கும் நடுவில் வரும் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோருவது கேட்பது மட்டும். வலியுறுத்துவது கேட்டதை விடாமல் அழுத்திச் சொல்வது, இன்னும் கிடைக்கவில்லை. வற்புறுத்துவது மற்றவரின் விருப்பத்துக்கு எதிராகத் தள்ளுவது, அதில் குற்றச்சாட்டு கலந்திருக்கும். "ஓய்வு கேட்டும் வேலைக்கு வருமாறு வற்புறுத்தினார்கள்" என்பது முறைப்பாடு. "நிலுவையை வழங்குமாறு வலியுறுத்துகிறோம்" என்பது கோரிக்கைக் கடிதம். நீதிமன்றம் இவற்றில் எதையும் செய்வதில்லை. அது பணிக்கும், உத்தரவிடும். பிணை தொடர்பான செய்தியில் இதன் அழகைப் பார்க்கலாம்: நீதவான் சந்தேக நபரை காசுப் பிணையிலும் இரண்டு சரீரப் பிணைகளிலும் செல்ல 'அனுமதித்தார்', கடவுச்சீட்டை ஒப்படைக்குமாறு 'உத்தரவிட்டார்', ஞாயிறு தோறும் பொலிஸ் நிலையத்தில் கையொப்பமிட வேண்டுமென 'நிபந்தனை விதித்தார்'. ஒரே கட்டளைக்குள் மூன்று வினைகள், மூன்றும் தத்தம் இடத்தில். அபராதத்தைப் பற்றியும் ஒரு சொல்: நம் சட்டத் தமிழில் அது 'குற்றப்பணம்', செய்தியிலும் பேச்சிலும் 'தண்டப்பணம்'.

ஒரு நிபந்தனையை உடைத்துப் பார்த்தல்

எழுதத் தெரிந்தவர்களே சறுக்கும் இடம் வினை மட்டுமில்லை. நிபந்தனை முழுமையாக நிற்க ஆறு கேள்விகளுக்கு அதற்குள்ளேயே பதில் வேண்டும்: யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், எவ்வளவு, எதற்குள், செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன. கடைசிக் கேள்விதான் அதிகம் மறக்கப்படுவது.

2013 கூட்டு ஒப்பந்தத்தில் 450 ரூபா அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் 140 ரூபா வரவுக் கொடுப்பனவு இருந்தது. அதற்கு 75 வீத வரவு நிபந்தனை. கேட்கச் சுலபம். ஆனால் எதில் 75 வீதம்? நிர்வாகம் வேலை வழங்கிய நாட்களிலா, மாதத்தின் எல்லா நாட்களிலுமா? ஒரு மாதத்தில் 24 நாள் வேலை கொடுத்திருந்தால் முதல் கணக்கில் 18 நாள் போதும். 30 நாளைக் கொண்டு கணக்கிட்டால் 22½, அதாவது 23 நாள். 25 நாள் வேலை கொடுத்திருந்தால் 18¾ வருகிறது. முக்கால் நாளை யாரும் வந்து முடிக்க முடியாது, ஆகவே நடைமுறையில் 19. இப்போது 24 நாள் வேலை வழங்கிய மாதத்தில் 18 நாள் வந்தவர் 18 தடவை 140, அதாவது 2,520 ரூபா கூடுதலாகப் பெறுவார். 17 நாள் வந்தவருக்கு அந்தக் கணக்கில் ஒரு சதமும் இல்லை. ஒரு நாள் காய்ச்சலின் விலை அந்த நாளின் சம்பளமும் அதற்கு மேல் இரண்டாயிரத்து ஐந்நூறும்.

இப்படிப்பட்ட வாசகத்தை எழுதுவதானால் இவ்வளவாவது வேண்டும்: "ஒரு மாதத்தில் நிர்வாகம் வேலை வழங்கிய நாட்களுள் 75 வீதத்துக்குக் குறையாத நாட்களில் வேலைக்குச் சமூகமளித்த தொழிலாளிக்கு, அவர் சமூகமளித்த ஒவ்வொரு நாளுக்கும் இன்ன தொகை வழங்கப்படுதல் வேண்டும். அரைநாள் வேலை இக்கணிப்பில் அரைநாளாகக் கொள்ளப்படும். மருத்துவச் சான்றிதழுடனான விடுமுறை, வேலை வழங்கிய நாட்களிலிருந்து கழிக்கப்படும்." கடைசி இரண்டு வாக்கியங்களும் இல்லாத இடத்தில்தான் மாத முடிவில் கணக்கப்பிள்ளையோடு தகராறு வரும். வேண்டுமானால் அரைப்பேரை முழு வரவாக எடுக்கட்டும், வேண்டாமானால் விடட்டும். எப்படியென்று எழுதியிருக்க வேண்டும்.

பழைய தோட்ட ஆவணம் ஒன்று, நிபந்தனை மனிதரை எப்படிக் கட்டியது என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம். 'துண்டு' என்பார்கள். ஆட்களைச் சேர்த்து மேற்பார்க்கும் கங்காணியும் அவரது ஆட்களும் பட்டிருக்கும் கடனைச் சொல்லி, அதைக் கட்டினால் அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று ஒரு துரை, அதாவது தோட்ட நிர்வாகி, எழுதிக் கொடுக்கும் சீட்டு. இன்னொரு தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொள்வார். இலக்கணத்தில் பார்த்தால் சாதாரண '-ஆல்' வாக்கியம். விடுதலையடைய வேண்டியவரே அதில் எழுவாயாக இல்லை. கட்டுபவர் ஒருவர், விடுபவர் ஒருவர். 1921இல் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது.

மனிதரைக் கட்டும் அந்த வேலையை ஓர் அடைமொழியும் செய்யும். 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தில், இலங்கைப் பிரசாவுரிமை கேட்ட மணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் 'இடையறாது' வசித்திருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. இந்தியாவிலுள்ள ஊருக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு அந்த 'இடையறாது' என்ற சொல்லே வேலியாக நின்றது. ஆண்டுக் கணக்கு இருந்தும் அத்தாட்சி இல்லாமல் போனது.

சின்னச் சொற்கள்

'தான்' பற்றி முதலில் சொன்னோம். அதன் கூட்டாளிகள் இன்னும் சில உண்டு.

'31ஆம் திகதிக்கு முன்' என்றால் 30ஆம் திகதி கடைசி. '31ஆம் திகதிக்குள்' என்றால் 31 சேரும் என்பது பொது வழக்கு, ஆனாலும் வாதம் வரும். சட்டத்தில் எழுதுவது போல "31ஆம் திகதியன்று அல்லது அதற்கு முன்னர்" என்று எழுதினால் நீளம்தான், தகராறு இல்லை. "14 நாட்களுக்குள்" என்பது இன்னும் மோசம்: கடிதத்தின் திகதியிலிருந்தா, தபாலில் கிடைத்த நாளிலிருந்தா? தோட்டத்தின் மேல் பிரிவு லயத்துக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, கடிதம் போய்ச் சேர ஒரு கிழமை எடுக்குமென்றால் பாதி அவகாசம் வழியிலேயே தீர்ந்துவிடும். "இக்கடிதம் கிடைத்த திகதியிலிருந்து 14 நாட்களுக்குள்" என்று எழுதுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா நாளும் ஞாயிறும் கழிய வேண்டுமானால் "வேலைநாட்கள்" என்று சொல்ல வேண்டும்.

'வேண்டாம்' என்ற சொல்லை நிபந்தனையில் ஒருபோதும் போடாதீர்கள். "முற்பணம் கட்ட வேண்டாம்" என்பது கட்டத் தேவையில்லை என்றும் படும், கட்டக் கூடாது என்றும் படும். முதலாவதற்கு 'வேண்டியதில்லை', இரண்டாவதற்கு 'கூடாது' அல்லது சட்ட நடையில் 'ஆகாது'.

விண்ணப்பங்களில் காற்புள்ளி போட்டு ஆவணங்களை அடுக்குவதும் அதே வகை. "தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தோட்ட அத்தியட்சகரின் கடிதம்" என்று இருந்தால் மூன்றும் வேண்டுமா, ஒன்று போதுமா? தோட்டத்திலிருந்து காலைப் பஸ்ஸில் ஹற்றனுக்கு வந்து, வரிசையில் நின்று, ஒரு தாள் குறைகிறது என்று திரும்பிப் போகிறவர் ஒரு பேரை இழக்கிறார். 'உம்' போட்டால், அல்லது 'ஏதேனும் ஒன்று' என்று எழுதினால், அந்தப் பயணம் மிச்சம். அளவுகளுக்கு நம்மிடம் நல்ல சொற்கள் உண்டு: 'ஆகக் குறைந்தது', 'ஆகக் கூடியது', எழுத்தில் 'குறையாத', 'மேற்படாத'. "சுமார்", "ஏறத்தாழ" இரண்டும் நிபந்தனைக்குள் வரவே கூடாது.

செயப்பாட்டு வினை பற்றியும் சொல்லாமல் விட முடியாது. "புதிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டுள்ளன" என்று அறிவித்தல் பலகையில் இருந்தால், யாரால் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. அதிகாரம் இருப்பவர் இப்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கலாம். அதற்குப் பதில் எழுதுபவர் அதே மறைவைப் பின்பற்றத் தேவையில்லை. "நிர்வாகம் விதித்துள்ள நிபந்தனை" என்று பெயர் சொல்லித் தொடங்கலாம்.

பக்கத்து மொழியின் நிழல்

மலையகத்தில் கைக்கு வரும் அரச கடிதங்களில் பல சிங்களத்தில் எழுதித் தமிழாக்கப்பட்டவை. சிங்களத்தில் நிபந்தனைக்குச் சொல் 'கொந்தேசி'. அதைத் தமிழாக்குவதில் சிக்கல் இல்லை. சிக்கல் 'நியம' என்ற அடியில் வருகிறது. சிங்களத்தில் அது விதித்துரைத்தலைக் குறிக்கும். 'நியமித' என்றால் உரிய, குறித்த. தமிழில் 'நியமி' என்றால் ஆளைப் பதவிக்குப் போடுவது. அவசரத்தில் தமிழாக்கியவர் "நியமிக்கப்பட்ட திகதிக்குள் நியமிக்கப்பட்ட கட்டணத்தைச் செலுத்தவும்" என்று எழுதிவிடுவார். கட்டணத்துக்கு நியமனக் கடிதம் கொடுத்தாயிற்று! 'குறித்த திகதி', 'விதித்துரைக்கப்பட்ட கட்டணம்' என்று திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.

இது வெறும் மொழிச் சுத்தப் பிரச்சினையாக முடிவதில்லை. 1987இல் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. ஆனாலும் இலங்கைச் சட்டங்களின் தமிழ் உரையில் கடைசிப் பிரிவைப் பாருங்கள்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஏதேனும் ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கி நிற்றல் வேண்டும். தமிழில் 'குறித்துரைக்கப்பட்ட' என்றும் சிங்களத்தில் 'நியம கரன லத' (விதித்துரைக்கப்பட்ட) என்றும் ஒரே இடத்தில் கண்டால், தமிழ்ச் சொல்லை நம்பி அட்டவணையைத் தேடிக்கொண்டிருக்காமல், அதே இலக்க வர்த்தமானியின் சிங்களப் பிரதியை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்து, வினைகளை மட்டுமாவது ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுவிட்டுக் கையொப்பமிடுங்கள்.